இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த பஸ்

போன வாரம் மகள் கைபேசியில் ஏதோ டைனோசர் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவது பாகம் என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு இந்தப் பாகங்கள்மீது நம்பிக்கை கிடையாது. காரணம் செல்வம்.

அப்போது நான் மாத்தளையில் ஒரு கராம்புக் கடையில் வேலை பார்த்தேன். எவ்வளவு குளித்தாலும் மணம் போகாது. படம் பார்க்கப் போனால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். என் கூட்டாளி செல்வம் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், சினிமாப் பைத்தியம். அந்த டைனோசர் படத்தின் இரண்டாம் பாகம் கண்டிக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போனோம்.

திரும்பும் பஸ்ஸில் சண்டை. எனக்குப் படம் பிடித்திருந்தது. அவனுக்கு ஆத்திரம்.

“மொதப் படத்துல என்னடா சொன்னாங்க? மிருகத்த வேலிக்குள்ள வச்சுக் காசு பாக்கிறது தப்புன்னாங்க. இப்ப படம் எடுக்கிறவனே அதத்தான் செய்றான்.”

வேலியில் கரண்ட் போனது, எல்லாம் தப்பி வெளியே வந்தது, கடைசியில் டவுனுக்குள்ளேயே புகுந்தது என்று கையை ஆட்டிச் சத்தமாக விளக்கினான். வடக்கில் போர் நடந்த அந்த நாட்களில் பஸ்ஸில் தமிழில் பேசக்கூடிய பேச்சா அது? யார் போட்டுக்கொடுத்தார்களோ, சோதனைச் சாவடியில் எங்கள் இருவரை மட்டும் இறக்கினார்கள்.

தனித்தனியாக வைத்துக் கதை கேட்டார்கள். மிருகங்களைக் காப்பாற்றப் போகிறவர்களின் கதை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பேராசைக்காரர்களின் கதை என்று செல்வம் சொல்லியிருக்கிறான். ஒரே படத்துக்கு எப்படி இரண்டு கதை என்றார் அதிகாரி.

கடை முதலாளி ஹாஜியார் வந்து பேசி என்னை மீட்டார். செல்வத்தின் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கே வவுனியா. அவனை விடவில்லை.

பல நாள் கழித்து, வீங்கிய கன்னத்தோடு வந்தான். கடைக்குள் ஏறாமல் வெளியே நின்றபடியே கேட்டான்.

“என்னயப் பத்தி அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

அதுவரை என்னை அவன் ‘நீங்க’ என்றதில்லை.

“படத்தப் பத்தி மட்டுந்தான்டா சொன்னேன்.”

தலையாட்டினான். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்று எனக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை.

மூன்றாம் பாகத்துக்குத் தனியாகப் போனேன். இடைவேளையில் பார்த்தால், முன்வரிசையில் செல்வம், அவனும் தனியாக. எழுந்து போவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். படம் முடிந்தபோது அந்த சீட் காலியாக இருந்தது.

சாவடி இருந்த இடத்தில் இப்போது பழக்கடை. பஸ்ஸில் என்ன பேசினாலும் யாரும் இறக்குவதில்லை. செல்வம் எங்கே இருக்கிறான் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படத்தில் பாதியிலேயே ஏன் எழுந்து போனான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.