இரண்டாம் பரிசு சென்றாயன்

எங்கள் அப்பாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சென்றாயன். எங்கள் மலையில், குண்டனி நாட்டில், அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ரெண்டாம் பரிசு ஊடு எதுங்க?' என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

மலையில் நடக்கும் ஓரி விழாவின் காய்கறிக் கண்காட்சிக்கு அப்பா வருடா வருடம் ஓர் அரசாணிக்காய் கொண்டுபோவார். மலைக்குக் கீழே இருப்பவர்கள் அதைப் பரங்கிக்காய் என்பார்கள். மூன்று வருடமாக இரண்டாம் பரிசு. முதல் பரிசு மூன்று முறையும் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் காய்க்கு. "அவன் காயில பாதி எடை காம்பு" என்பது அப்பாவின் கட்சி. ஆனாலும் மூன்று சான்றிதழ்களையும் கண்ணாடித்தாள் போட்டு, சுவரில் முருகனுக்கும் பெருமாளுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார். விளக்கு வைக்கும்போது அம்மா யாரைக் கும்பிடுகிறார் என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நான் சுமித்ரா, அவருடைய மூத்த பெண். பத்தாம் வகுப்பின் பாதியில் நான் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு மரவள்ளிக்கிழங்கு. அதில் நான் வெட்டிய பள்ளிக்கூட சீல் அசலைவிட வட்டமாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். என் கதை அவ்வளவுதான். இது அப்பா கதை.

என் தம்பி விமல்ராஜுக்கு ஒன்பது வயது. பேச்சு அதிகம் கிடையாது. எண்கள் என்றால் உயிர். பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடிவிடுவான். நான்காவது முறை ஓடியபோது வாத்தியார் சின்னுசாமி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"சென்றாயா, பையன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இவனுக்குன்னு தனி டீச்சர் வந்தாத்தான் ஆகும். அதுக்கு டாக்டர் பாத்து எழுதுன பேப்பர் வேணும். ஜூனுக்குள்ள கொண்டா, மேல எழுதிக் கேக்கறேன். அதுவரைக்கும் ஊட்ல வெச்சுக்க."

இது டிசம்பரில். அதிலிருந்து தம்பி வீட்டில் இருந்தான். அப்பா தோட்டத்துக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். கருப்பண்ணனைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் பட்டது.

மார்ச் கடைசியில் நர்ஸ் விஜயா அக்கா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டிசம் கண்காட்சி. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் நான்தான் படித்தேன்.

"குழந்தைகளை அழைத்து வரவும். நிபுணர்கள் பார்த்து எழுதித் தருவார்கள்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்காட்சியா? கொழந்தைங்களக் கொண்டாரச் சொல்லியிருக்குதா?"

"ஆமாங்கப்பா."

"பாத்து எழுதித் தருவாங்களா?"

"அப்படித்தாங்கப்பா போட்டிருக்குது."

அப்பாவுக்குக் கண்காட்சியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டுபோக வேண்டும், துடைத்து மேசைமேல் வைக்க வேண்டும், பக்கத்தில் அட்டை வைக்க வேண்டும். பேனாவோடு நாலு பேர் வருவார்கள், பார்ப்பார்கள், குறிப்பார்கள். சாயங்காலம் சீல் வைத்த பேப்பர் கையில் இருக்கும். வாத்தியார் கேட்டதும் சீல் வைத்த பேப்பர்தானே?

நான் அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக அப்பா சட்டைக்கு இஸ்திரி போட எழுந்துபோனார். அதுவுமில்லாமல், அட்டை எழுதும் வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஏனுங்க, இது புள்ளையா அரசாணிக்காயா?"

"கோகிலா, அட்டை இல்லாத சரக்க எந்த நடுவரும் திரும்பிப் பாக்க மாட்டான். எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

மிளகு நிறுக்கும் தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டி, தம்பியை அதில் உட்காரவைத்து நிறுத்தோம். அவன் இறங்க மாட்டேன் என்றுவிட்டான். இருபத்து நாலு கிலோ. பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுதினேன்: பெயர் விமல்ராஜ். ஊர் குண்டனி நாடு. வயது ஒன்பது. எடை 24 கிலோ. ரகம்: நாட்டு ரகம். கடைசி வரி என் சொந்தச் சேர்க்கை. எழுதும்போது அப்படிச் சிரித்தேன்.

"உரம் என்னன்னு போடட்டுங்கப்பா?"

அப்பா யோசித்தார். யோசித்தவர் சொல்ல ஆரம்பித்தார், சொன்னவர் நிறுத்தவில்லை.

"கேவுருக் களி திம்பான். சாமைச் சோறு திம்பான். வெள்ளைச் சோத்தத் தொடமாட்டான். மழை தாங்குவான், வெயில் தாங்குவான், சத்தம் தாங்க மாட்டான். பின்னால இருந்து தொடக் கூடாது. முன்னால வந்து கையக் காட்டிட்டுத் தொடோணும். ரெண்டு வயசுல 'அம்மா' சொன்னான். மூணு வயசுல, மாரியம்மன் நோன்பு முடிஞ்ச வாரம், நிறுத்திட்டான். கோழிக் குஞ்சப் புடிச்சா நசுக்க மாட்டான். ரோட்டு வளைவு எழுபதும் தெரியும். அழுதா எழுபதுல இருந்து ஒவ்வொண்ணாக் கீழ எறங்கோணும், இருபதுக்குள்ள அடங்கிருவான்…"

அட்டையின் முன்பக்கம் தீர்ந்து பின்பக்கம் போயிற்று. பின்பக்கம் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை வலித்தது, அதனால் இருக்கும்.

அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்ள, நாங்கள் மூவரும் காலைப் பஸ்ஸில் மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுபதிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தான். நாற்பத்து மூன்றாவது பலகையை ஒரு லாரி மறைத்துவிட்டது. உடம்பு முறுக்கிக்கொண்டு கத்தினான். அப்பா அவன் முன்னால் கையைக் காட்டி, "நாப்பத்தி மூணு இருந்துச்சு சாமி, நான் பாத்தேன்" என்றார். அப்பா பார்த்தால் சரி.

கண்டக்டர் கேட்டார். "என்னங்க ரெண்டாம் பரிசு, வெள்ளையும் சொள்ளையுமா? காய் எங்க?"

"இந்தத் தடவ காய் இல்லீங்க. பையன்."

கண்டக்டர் அவரையும் அட்டையையும் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

மண்டப வாசலில் நீலப் பலூன் வளைவு. அதற்கு மேலே 'சத்தம் குறைப்போம், குழந்தைகளைப் புரிந்துகொள்வோம்' என்று பேனர். பேனருக்கு இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. அப்போதைக்கு அவை சும்மா இருந்தன.

உள்ளே ஒரு கடையில் மரத் தட்டு நிறையச் சாமை கொட்டி வைத்திருந்தார்கள். குழந்தைகள் கைவிட்டு அளைய வேண்டுமாம், மூளைக்கு நல்லதாம். அப்பா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

"இது போன வருசத்துச் சாமைங்க. வண்டு விழுந்திருக்குது."

"சார், இது சாப்பிடறதுக்கு இல்லை. குழந்தை கையை விடறதுக்கு."

"கைய விட்டாத்தான் எங்கூட்ல முதுகுல ரெண்டு வெப்பாளுங்க இவுங்கம்மா!"

சுவரோரம் ஓர் அறைக்கதவில் 'அமைதி அறை' என்று எழுதியிருந்தது. நல்ல யோசனைதான். பூட்டு தொங்கியது.

அப்பா நீலப் பனியன் போட்ட தொண்டர் ஒருவரைப் பிடித்தார். "ஏனுங்க, குண்டனி நாட்டுக்கு எந்த மேசைங்க?"

"எங்கயாவது உட்காருங்க சார். சீஃப் கெஸ்ட் வந்தாத்தான் எல்லாம் ஆரம்பிக்கும்."

எங்கேயாவது என்றதும் அப்பா ஒரு காலி மேசையைத் தேடிப்பிடித்துத் துண்டை விரித்தார். தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, அட்டையைக் கழுத்தில் மாட்டினார். தம்பி மின்விசிறிகளை எண்ண ஆரம்பித்தான். அவனுக்குக் குறையொன்றும் இல்லை.

யாராவது வந்து, "என்னய்யா பண்ணற?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், குனிந்து படித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஓர் அம்மாள் தம்பியின் பக்கத்தில் முகத்தை வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். இரண்டு காலேஜ் பையன்கள் 'நாட்டு ரகம்' என்று வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள்.

நல்ல நகைச்சுவைக்கு நாலு பேர் சிரித்தால் எழுதியவருக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். நான் போய் அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, அட்டையக் கழட்டிரலாங்கப்பா."

"விடு கண்ணு. இப்பத்தான் படிக்கவே ஆரம்பிச்சிருக்கறாங்க."

இரண்டு மணி நேரம் கழித்துச் சிறப்பு விருந்தினர் வந்தார். ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் ஒரே நேரத்தில் வரவேற்புப் பாட்டைக் கக்கின. தரை அதிர்ந்தது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு மேசையிலிருந்து விழுந்து, அடியில் புகுந்து கத்தினான். அவன் மட்டுமில்லை, மண்டபம் முழுக்க அங்கங்கே ஒரு குழந்தை கத்தியது. பெற்றவர்கள் வாயைப் பொத்திப் பார்த்தார்கள், வெளியே இழுத்துப் பார்த்தார்கள். மேடையில் பொன்னாடை நடந்துகொண்டிருந்தது.

அப்பா தொண்டரிடம் ஓடினார். "அந்த ரூம் சாவி குடுங்க சாமி, புண்ணியமாப் போவும்."

"அதுல சீஃப் கெஸ்ட்டுக்குச் சாப்பாடு வெச்சிருக்குங்க."

அப்பா திரும்பி வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மேசைக்கு அடியில் ஊர்ந்து போனார். கையைக் காட்டினார். "எழுபது… அறுபத்தொம்பது…" என்று வாய் அசைந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை, காதைப் பொத்தியவனுக்கு எங்கே கேட்கும்?

அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஸ்பீக்கர் ஒயர் போன வழியே போய், மேடைக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியவர் அத்தோடு நில்லாமல், ஒயர் நீட்டிக்கும் பெட்டியையும் கழற்றிப் பொன்னாடைக் கூடையின் அடியில் புதைத்துவிட்டார். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று கேள்வி. இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.

மண்டபம் சட்டென்று அடங்கியது. கத்திய குழந்தைகள் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கின. அந்த அமைதியில் ஒரு மேசைக்கு அடியிலிருந்து அப்பா குரல் மட்டும் வந்தது.

"அம்பத்தி ரெண்டு… அம்பத்தி ஒண்ணு… அம்பது…"

நாற்பத்து மூன்றில் தம்பி குரலும் சேர்ந்துகொண்டது. "லாரி" என்றான்.

"ஆமா சாமி, லாரி மறைச்சிருச்சு. நாப்பத்தி ரெண்டு…"

இருபதுக்குப் போகவில்லை. இருபத்தாறிலேயே அடங்கிவிட்டான்.

ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் பானுமதி எழுந்து வந்தார். கீழே விழுந்து கிடந்த அட்டையை எடுத்தார். முன்பக்கத்தைப் படித்தபோது புருவம் உயர்ந்தது. நான் தூண் பக்கம் ஒதுங்கினேன். பின்பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது யாருங்க எழுதினது?"

"நான் சொன்னேனுங்க, புள்ள எழுதுச்சு. தப்பிருந்தா அதத் திட்டாதீங்க."

"பேச்சு நின்ன வாரம்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அதெப்படிங்க மறக்கும்?"

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் போனார். முன்னால் வந்து, கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அட்டையில் இருந்தபடியே. முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தார். தம்பியிடம் கட்டைகள் கொடுத்தார், படங்கள் காட்டினார், இருபத்தைந்திலிருந்து ஒன்று வரை கூடவே இறங்கினார். அட்டையைப் பார்த்துப் பார்த்துப் ஃபாரத்தை நிரப்பினார். கடைசியில் வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார்.

"இதைக் காட்டினா தனி டீச்சருக்குக் கேட்கலாம். புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, மாற்றுத்திறனாளி அட்டையும் போட்டுரலாம்."

அப்பா கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "டாக்டரம்மா, எத்தனாவதுங்க?"

"எது எத்தனாவது?"

"பரிசுங்க. ரெண்டாவதா இருந்தாலும் பரவால்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தம்பி எண்ணிய மின்விசிறிகளைச் சரிபார்த்தேன்.

"இங்க பரிசெல்லாம் இல்லீங்க" என்றார் மெதுவாக. "இது போட்டியே இல்ல."

அப்பா மேசையைப் பார்த்தார். விரித்த துண்டைப் பார்த்தார். பிறகு துண்டை உதறி மடித்து, தோளில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ் காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் அப்பா கேட்டார்.

"உனக்கு முன்னயே தெரியுமா கண்ணு?"

"தெரியுங்கப்பா."

"அப்பறம் ஏஞ் சொல்லல?"

"நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டீங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலையில் ஒரு கொட்டு விழும் என்று குனிந்தேன். கைதான் வந்தது, கொட்டவில்லை, அப்படியே வைத்துவிட்டார். "ஒண்ணு" என்றான் தம்பி. பஸ் மலை ஏற ஆரம்பித்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்றே அப்பா கடிதத்தைக் கொடுத்தார். அதோடு விடாமல், அட்டையின் பின்பக்கத்தையும் வாத்தியார் வாய்விட்டுப் படிக்கும்வரை நகரவில்லை. இப்போது செவ்வாயும் வெள்ளியும் தனி டீச்சர் வருகிறார். மணி அடிப்பதற்கு முன்னால் யாராவது வந்து தம்பிக்குக் கையைக் காட்டுகிறார்கள். அதன் பிறகு ஒரு தடவைதான் ஓடினான்.

அட்டைக்கும் கண்ணாடித்தாள் போட்டுச் சுவரில் நாலாவதாக மாட்ட அப்பா எடுத்தபோது, அதன் மூலையில் சிவப்பு மையில் ஒரு சீல் இருந்தது. 'முதல் பரிசு.'

அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சீல் கோணலா இருக்குதே கண்ணு."

"அசல் சீல் அப்படித்தாங்கப்பா இருக்கும்." இந்த முறை கோணலாகவே வெட்டியிருந்தேன். ஒரு தடவை பட்டது போதாதா?

அவர் அட்டையை மாட்டினார். அன்று சாயங்காலம் வேலிப்பக்கம் போன கருப்பண்ணன் அண்ணனைத் தானாகவே கூப்பிட்டார். "வாப்பா, தண்ணி குடிச்சிட்டுப் போ." சுவரைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுவைத்தார்.

கருப்பண்ணன் அண்ணன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைப் படித்தார். "எடை இருபத்தி நாலுதானா?"

"எடைக்குக் குடுக்கற பரிசில்லப்பா இது" என்றார் அப்பா.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சீலை இன்னொரு தடவை கிட்டத்தில் போய்ப் பார்த்தார். நல்ல வேளை, வெட்டியது போக மீதிக் கிழங்கை மத்தியானமே அவித்துத் தின்றாயிற்று.