ரோவீனாவுக்குப் போன தோட்டாக்கள்

ஆர்டிஸ் ஹாக்லண்டைப் பொறாமைக்காரி என்று சொன்னால் அவளே மறுக்க மாட்டாள். கணவன் ஹார்லன் ஒரு நாய்க்குட்டியை வாங்கிவந்து மடியில் வைத்துக் கொஞ்சியதற்காக, நாயிடமும் அவனிடமும் பல நாள் பேசாமல் இருந்தவள். சர்ச் விருந்தில் வேறொருத்தி செய்த உருளைக்கிழங்கு சாலட்டை அவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை, வருடங்கள் கழித்தும் சொல்லிக்காட்டுவாள்.

எங்கள் மொன்டானா பள்ளத்தாக்கில் வேட்டை இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடை என்னுடையது. அதனால் ஊர்க்கதை எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. இந்தக் கதையில் பாதியை நான் நேரிலேயே பார்த்தேன்.

ஆர்டிஸுக்கு டயர் கடையில் வேலை. சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டும் ஈயத்துண்டுகளில் பழசானவற்றை அவள் ஒரு வாளியில் போட்டுச் சேர்த்துவைப்பாள். கல்யாணமான புதிதில் ஒரு வேட்டைக்காலம் முழுவதும் கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை. ஹார்லனின் லீவர் துப்பாக்கி, அடியில் இருக்கும் பிடியை இழுத்து இழுத்துச் சுடுவது, சுவரிலேயே தொங்கியது. அப்போதுதான் அவள் எங்கிருந்தோ குண்டு வார்க்கும் பழைய அச்சு ஒன்றை வாங்கி, வாளி ஈயத்தை உருக்க ஆரம்பித்தாள்.

கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, காற்று முதுகில் படும்படி நிற்பாள். உருகிய ஈயத்தில் மெழுகுத்துண்டைப் போட்டுக் கிளறி, மேலே மிதக்கும் கசடை வழித்துப் போடுவாள். கரண்டியால் அச்சில் ஊற்றி, உறைந்ததும் மரக்கட்டையால் தட்டித் திறந்தால் ஈரத்துண்டின் மேல் குண்டு சுர்ரென்று விழும். சுருக்கம் இருந்தால் திரும்ப ஈயம் உருகும் கொப்பரைக்கே போகும். தேறியதை அளவு வளையத்தில் அழுத்திச் சரிசெய்து, தேன்மெழுகு பூசி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பிய பித்தளைக் கூட்டில் பொருத்துவாள். நுனியை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பாள். லீவர் துப்பாக்கியின் அடிக்குழாயில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். நுனி கூராக இருந்தால் முன்னால் நிற்பதைக் குத்தி வெடிக்க வைத்துவிடும். தட்டையாகத்தான் இருக்கவேண்டும்.

ஹார்லன் மர அறுப்பு மில்லில் வேலை செய்தான். அவனுக்கு ஈய வேலை வராது. ஒரே ஒரு தடவை ஊற்றிப் பார்த்து பூட்ஸைப் பொசுக்கிக்கொண்டதோடு சரி. அவள் செய்வாள், அவன் சுடுவான். அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஒரு கோடையில் அவன் வந்து கேட்டான்.

“ஆர்டி, இந்த வருசம் குண்டைக் கொஞ்சம் தடியாப் போட்டுக் குடேன்.”

“ஏன்?”

“குழல் தேஞ்சு போச்சு போல. அடி சிதறுது.”

பழைய அளவு வளையம் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துப் பெரிதாக்கி, ஒரு பெட்டி நிறையச் செய்துகொடுத்தாள். ஆனால் மனம் அமரவில்லை. மெத்தென்ற ஈயம் இரும்புக்குழலைத் தேய்க்குமா? அவன் மில்லுக்குப் போனதும் துப்பாக்கியை இறக்கினாள். எண்ணெய் தடவிய ஈய உருண்டையைக் குழலுக்குள் கம்பியால் தள்ளி, மறுபக்கம் விழுந்ததை அளந்தாள். குழல் இம்மியும் தேயவில்லை. அப்படியானால் அந்தப் பெட்டி வேறு யாருடைய துப்பாக்கிக்கோ போயிருக்கிறது. யாருக்கு என்றுதான் அவளால் ஊகிக்க முடியவில்லை.

விடை தானாகவே டயர் கடைக்கு வந்தது. ஓடைக்கு மேலே இருக்கும் வேட்டைக்காரர் முகாமுக்கு அந்த வசந்தத்தில் ரோவீனா என்று ஒரு சமையல்காரி வந்திருந்தாள். தனிக்கட்டை. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். டயரில் ஆணியோடு அவள் வண்டி வந்து நின்றது. பின் கண்ணாடியோரக் கொக்கியில் ஒரு லீவர் துப்பாக்கி தொங்கியது.

“ஹார்லன் வீட்டுக்காரி நீங்கதானே? உங்க வீட்டுக்காரர் கைக்கு ஒரு முத்தம் குடுக்கலாங்க.”

ஆர்டிஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நிமிரவில்லை. “எதுக்கு?”

“இந்தத் துப்பாக்கிக்குக் குழல் கொஞ்சம் அகலம். கடைத் தோட்டா போட்டா ஒண்ணு மேற்கே போவும், ஒண்ணு கிழக்கே போவும். ஹார்லன்தான் தன் கையாலயே ஈயம் காய்ச்சி, தடியா ஊத்திக் குடுத்தாரு. இப்ப காபி டப்பா மூடியைக்கூட அடிக்கிறேன்!”

“தன் கையாலயே ஊத்தினாரா?”

“அப்படித்தான் சொன்னாரு.”

புருஷன் இன்னொருத்திக்குப் பரிசு கொடுத்தது ஒரு எரிச்சல். கொடுத்தது தன் கை வேலை என்பதும், அதில் தன் பெயர் இல்லை என்பதும் அதைவிடப் பெரிய எரிச்சல். அடுத்த பஞ்சருக்கு எவனாலும் கழற்ற முடியாதபடி ஆர்டிஸ் அந்தச் சக்கரத்தின் நட்டுகளை முறுக்கினாள். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “சனிக்கிழமை வாங்களேன். அவர் ஊத்துறதை நேர்லயே பாக்கலாம்” என்றாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஹார்லனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முள்கரண்டி பாதியில் நின்றது.

“நானா?”

“நீதானே ஊத்துறே.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாய்க்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தாள். சாட்சி வேண்டுமென்று நினைத்தாள் போல. ஹார்லன் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பூஜைக்கு நிற்பவன்போல நின்றான். அச்சைச் சூடாக்காமலே ஊற்றினான். விழுந்ததெல்லாம் சுருங்கிச் சுருங்கி விழுந்தது. ரோவீனா ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள்.

“என்ன ஹார்லன், காஞ்ச திராட்சை மாதிரி இருக்கு?”

ஆர்டிஸ் கைகட்டி நின்றாள். கடைசியில் அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நான் ஊத்தலை. எல்லாம் இவதான். நான் குடுத்தேன்னு சொல்ல வந்தேன், செஞ்சேன்னு வாயில வந்துடுச்சு. நீ அவ்வளவு சந்தோசப்பட்டே, ரோவீனா. சொன்னதைத் திருப்பி வாங்க மனசு வரலை.”

“என்கிட்ட ஏன் குழல் தேஞ்சுதுன்னே?” என்றாள் ஆர்டிஸ்.

“ரோவீனாவுக்குன்னா நீ ஊத்தியிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

ரோவீனா அவனைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஆர்டிஸிடம் திரும்பி, “கையுறை குடுங்க, நான் ஒரு தடவை பாக்கறேன்” என்று கையை நீட்டினாள். மறுக்க வழியில்லாமல் ஆர்டிஸ் கொடுத்தாள்.

அச்சைக் கொப்பரை விளிம்பில் வைத்துச் சூடாக்கி ரோவீனா ஊற்றினாள். முதல் இரண்டு வீணாயின. “பேன்கேக் மாதிரிதான். கல்லு சூடேறுற வரைக்கும் முதல்ல போடுறது எப்பவும் நாய்க்குத்தான்” என்றாள். அடுத்ததிலிருந்து விழுந்தவை கண்ணாடிபோலப் பளபளத்தன.

நான் ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தேன். புருஷன் விஷயத்தில்கூட அந்த முகம் அப்படி வெளுக்கவில்லை. அப்படி ஒரு குண்டு விழ அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டிருந்தது.

அந்த இலையுதிர்காலம் ஹார்லன் தானே ஊற்றிய குண்டுகளோடுதான் வேட்டைக்குப் போகவேண்டும் என்று ஆர்டிஸ் தீர்ப்புச் சொன்னாள். ஒரு பெண்மானைக் கிட்டத்தில் கோட்டைவிட்டு வந்தான். யாரிடம் புலம்புவான்? ரோவீனா சொந்தமாக ஒரு அச்சு வாங்கிக்கொண்டாள். அடிக்கடி வந்து சந்தேகம் கேட்பாள். ஆர்டிஸ் கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்வாள்.

நவம்பரில் ரோவீனா ஒரு பெரிய எல்க் மானை வீழ்த்தி என் கடைக்குக் கொண்டுவந்தாள். தோலுரிக்கும்போது அவள் ஊற்றிய குண்டு மறுபக்கத் தோலடியில் கிடைத்தது. காளான்போல அழகாக விரிந்திருந்தது. மறுநாள் ஆர்டிஸ் தொத்திறைச்சி வாங்க வந்தபோது அதைக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் அழுத்திக் கீறினாள்.

“சக்கர ஈயம் மட்டும் இல்ல. எதையோ கலக்குறா” என்றாள். “வெள்ளீயமா இருக்கும். எங்கே கிடைச்சுது அவளுக்கு?”

“எனக்கென்ன தெரியும்?”

“கேட்டுச் சொல்லேன். நான் கேட்டேன்னு சொல்லாதே.”

கேட்டேன். ரோவீனா தலையைப் பின்னால் சாய்த்தாள். “ஆர்டிஸ் அனுப்பினாளா? அவளே வந்து கேக்கட்டும். காபி போட்டு வைக்கிறேன்.”

ஆர்டிஸ் போகமாட்டாள் என்று ஹார்லன் அடித்துச் சொன்னான். பனி நன்றாக இறங்கிய பிறகு ஒருநாள், சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு அவள் ஓடைப் பாதையில் ஏறிப்போனாள். பக்கத்து இருக்கையில் என் கடைத் தொத்திறைச்சிப் பொட்டலம் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் திரும்பும்போது என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். மடியில் நசுங்கிய பழைய வெள்ளீயக் குவளை ஒன்று இருந்தது.

“சிநேகிதம் ஆயிட்டீங்களா?” என்றேன்.

“சிநேகிதமா? இந்த மாதிரிக் குவளையைத்தான் உருக்கிக் கலக்குறா. அலமாரியில இன்னும் ரெண்டு வெச்சிருக்கா. எனக்குக் குடுத்தது நசுங்கினது.”

குவளையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அவள் கொட்டகைக்கு விரட்டிக்கொண்டு போனாள்.