தாங்கிக்குப் போட்ட மருந்து

கோடை வந்தால் எங்கள் ஊர்க் கிணறுகள் உவர்த்துவிடும். வாவிக்கரை மண் அப்படி. அதனால் சந்தியில் தண்ணீர்த் தாங்கி கட்டினார்கள். அதற்குள் கிருமி கொல்லும் வெள்ளைத் தூள் கரைத்து ஊற்றச் சுகாதாரப் பரிசோதகர் எனக்குத்தான் பழக்கித் தந்தார். எழுத்தில் எனக்கு என் பெயர் மட்டும்தான் வரும். ஆனாலும் நான் பார்த்த காலத்தில் அந்தத் தண்ணீரால் ஒரு பிள்ளைக்கும் வயிற்றோட்டம் வந்ததில்லை.

நாட்டில் குண்டுகள் வெடித்து, ஆளை ஆள் நம்பாமல் கிடந்த நாட்கள் அவை. ஒரு காலை, குடத்தோடு வந்தவளிடம் சொன்னேன்: "இப்ப எடுக்காத புள்ள. மருந்து போட்டிருக்கு. மறுகா வந்து எடு."

எங்கள் பேச்சில் தூளும் மருந்து. வயலுக்கு அடிப்பதும், குடித்துச் சாவதும் மருந்து. மத்தியானத்துக்குள் என் சொல் நஞ்சாகிவிட்டது. காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி காலையில் அந்தக் குழாயில் முகம் கழுவியிருந்தார். அது போதுமாயிருந்தது. சந்தியில் அவரை மறித்துத் துணிப்பொதியை மண்ணில் தட்டினார்கள்.

நான் போய் நடுவில் நின்றேன். "மருந்து போட்டது நான். தூள்தான் அது. பிடிக்கிறெண்டா என்னப் பிடிங்க."

தண்ணீர்ச் சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். "பெரியம்மா, டப்பாவில என்ன எழுதியிருக்கெண்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

சிரித்தார்கள். நான் குழாயைத் திறந்து ஒரு கோப்பை நிறையக் குடித்தேன். வியாபாரி அதே கோப்பையை வாங்கி அவரும் குடித்தார்.

"மாத்து மருந்து திண்டுட்டுத்தான் வந்திருப்பான்" என்றது ஒரு குரல்.

பொலிஸ் அவரைக் கொண்டுபோனது. தண்ணீரைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று மூன்றாம் நாள் விட்டது. ஒருவரும் அவரிடம் போய் எங்கள் பிழை என்று சொல்லவில்லை. தாங்கியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள், கமரா பூட்டினார்கள், படலைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தலைவர் வைத்துக்கொண்டார். வெளியாள் உள்ளே வரக்கூடாதாம். அந்த வெளியாட்களில் நானும் ஒருத்தி. காவல் போட்டவர்கள் தூள் போட மறந்தார்கள். அந்த மாரியில் எத்தனையோ பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். அதைச் செய்தது யார் என்று ஒருவரும் தேடவில்லை.

பிறகு ஒருநாள் அந்த வியாபாரியைப் பட்டணத்துச் சந்தையில் கண்டேன்.

"தம்பி, எங்கட பக்கம் ஏன் வாறல்ல?"

"வரலாம் அம்மா" என்றார். "வந்த இடத்தில தாகமெடுத்தா நான் என்ன செய்யிற?"

அவர் சிரிக்கவில்லை.