மர்ஸூக் வயலின் பதினோராம் துண்டு

வெலிமடைப் பக்கம் காணி அளக்க வரும் சேவையர்களுக்கெல்லாம் வீரய்யாவைத் தெரியும். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தோட்டத்தை விட்டு வந்து மரக்கறிக் காணிகளில் கூலி வேலை செய்தார். முதுகு விட்டுப்போன பிறகு, சேவையர்களுக்குச் சங்கிலி பிடிப்பதும் எல்லை முளை அடிப்பதும் அவர் பிழைப்பானது.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில், சேவையர் இரகுநாதனின் வான் மர்ஸூக்கின் வயலருகே நின்றது. வீரய்யா கடைசியாகத்தான் இறங்கினார்.

மர்ஸூக்கின் வாப்பா காலத்தில் அங்கே மழைக்கு நெல், வெயிலுக்கு உருளைக்கிழங்கு. கிழங்கு கிண்டும் நாளில் மர்ஸூக்கும் அங்கே கூலிக்கு நின்ற வீரய்யாவும் நாலைந்தைச் சுள்ளி நெருப்பில் சுட்டு, உப்பைத் தொட்டு, வாய் வேக வேகத் தின்பார்கள். களை பிடுங்க வந்த அங்கம்மாவின் ஒற்றைச் செருப்பு சேற்றில் புதைந்தபோது அரை நாள் துழாவி எடுத்துக் கொடுத்தவர் வீரய்யா. அடுத்த வருடம் அவளையே கட்டினார்.

"விக்கவா போறீங்க?" என்று மர்ஸூக்கைக் கேட்டார்.

"புள்ளைங்க கட்டார்ல வேலைக்கு. உரம் விக்கிற விலைக்கு யாரு விதைக்கிறது? எனக்கு முட்டியும் மடங்குதில்ல, வீரய்யா."

வயலைப் பதினொரு வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். வீரய்யா முளைகளை எடுத்துக்கொண்டு நடந்தார். பத்துத் துண்டு முடிந்தது. கடைசித் துண்டில், வயலின் தாழ்ந்த மூலையில், முளையை ஊன்றாமல் நின்றார்.

"என்ன வீரய்யா, அதில நிக்கிறீர்?" என்றார் இரகுநாதன்.

"மேல பெய்யிற தண்ணியெல்லாம் இங்கதாங்கய்யா தேங்கும். இத ரொப்பினா கீழ இருக்கிற கிணத்துக்கு ஊத்தே இருக்காது."

இரகுநாதன் சரிவை ஒருமுறை பார்த்தார். "எனக்கு அளக்கத்தான் ஏலும். காணி மர்ஸூக்கின்ர."

வீரய்யா முளையை அடித்தார்.

பெக்கோ இயந்திரம் வந்து வயலை மண் போட்டு மேடாக்கியது. பத்துத் துண்டிலும் வீடுகள் எழுந்தன; பதினொன்றாவது மட்டும் விலைபோகாமல் கிடந்தது. ஐப்பசி மழைக்குத் தேங்க இடமில்லாமல் செந்தண்ணீர் ரோட்டில் இறங்கிக் கீழ்வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த கோடையில், வயலுக்குக் கீழே இருந்த வீரய்யா வீட்டுக் கிணற்றில் தரை தெரிந்தது. அங்கே குடிவந்த முப்பது வருடத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்குக் கேன் வைத்துவிட்டு வந்த அங்கம்மா, "முளை அடிச்சது நீங்கதானே? நீங்களே போய்ப் பேசுங்க" என்றாள்.

மர்ஸூக்கிடம் போனார். "பதினோராந் துண்ட விக்காதீங்க" என்றார்.

"வாங்குற ஆள் வந்து பேசிட்டுப் போயிருக்கு."

"தெரியும். நம்ம கிழங்கு சுட்ட மூலை அது."

மர்ஸூக் அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேரே வீரய்யா வீட்டுக்கு வந்தார். "நான் விக்கல. மண்ண அள்ளிரலாம். என்னால குனிய முடியாது, சொல்லிட்டேன்."

மீண்டும் பெக்கோ வந்தது. மிச்ச மண்ணை வீரய்யா முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் மம்பட்டியால் வெட்டிப் போட்டார். மர்ஸூக் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய கதையெல்லாம் பேசினார்.

அந்த மழையில் தண்ணீர் நின்றது. ஒரு பிடி நாற்றும் நட்டார்கள். கிணறு பாதிதான் ஊறியது. ஆவணியில் இன்னும் பவுசர் வரத்தான் செய்கிறது.

மழைக் காலத்தில் ஒருநாள் காலை புதுவீட்டுக் காமிலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அந்த மூலையில கத்துற தவளச் சத்தத்துல புள்ள தூங்குதே இல்ல. ஏதாவது செய்ங்களேன்."

வீரய்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டு மாசந்தாம்மா. பழகிரும்" என்றார்.