கூட இருக்கிறவங்க

என் பெரியம்மா பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். எந்த டிராவல்ஸில் டிக்கெட் போடுவது என்ற விஷயத்தில். அந்தப் பிடிவாதத்துக்கு அவளுக்குக் கிடைத்ததைச் சொன்னால் போதும், எங்கள் குடும்பத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பெரியம்மா அம்மாவின் அக்கா. கல்யாணம் ஒன்று கூடி வந்து நின்றுபோனது. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பிறந்து, அம்மாவுக்கு லீவு முடிகிற சமயத்தில், ஒரு ஆறு மாசம் வந்து இருக்கச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். ஒரு பெட்டியோடு வந்தாள். நான் சொல்கிற வருஷத்தில் அந்த ஆறு மாசத்துக்குப் பதிமூன்று வயது ஆகியிருந்தது. நடுவில் தம்பி பிறந்து அவனுக்கும் எட்டு வயது. அம்மா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். அப்பா டயர் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு. இருவரும் வீடு திரும்ப ஏழு மணியாகும். பெரியம்மா எங்கள் அறையில், என் கட்டிலுக்கும் தம்பி கட்டிலுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுப்பாள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டித் தாண்டிப் பழகிவிட்டோம்.

அப்பா அவளை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள், அவர் என்னிடம், பெரியம்மாவைக் காப்பி கொண்டுவரச் சொல் என்பார். நாங்கள் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துக் காப்பி என்பார். சுவர் போட்டுக் கொடுக்காது, பெரியம்மா போட்டுக் கொடுப்பாள்.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் தீம் பார்க் போவது என்று முடிவாயிற்று. ரயிலில் ஒரு நாள் பயணம், அங்கேயே ஓட்டல், இரண்டு நாள் பார்க். ஆபீஸில் ஒரு டஜன் பேனா வாங்குவதற்கே மூன்று இடத்தில் விலை கேட்கிற ஆள் அப்பா. டிராவல்ஸ்காரர்களையும் மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும் என்றார். அவர்கள் ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள். விசாரிக்கப் போக வீட்டில் ஆள் யார் இருக்கிறார்கள்? அப்பா ஒரு தாளில் கேள்விகளை எழுதி டைனிங் டேபிளில் வைத்தார். மழை பெய்து பார்க் மூடினால் என்ன, பிள்ளைகளுக்கு வயதைப் பார்ப்பார்களா உயரத்தைப் பார்ப்பார்களா என்றெல்லாம் பதினொரு கேள்வி. பெரியம்மா அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

முதல் கடை கண்ணாடிக் கதவு, ஏசி. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டாளாம். பெரியம்மா என்றதும், வீட்டுக்காரர் வருகிறாரா என்று கேட்டாளாம். வீட்டுக்காரர் கிடையாது என்றதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஃபேமிலி என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நீங்கள் அதில் வர மாட்டீர்கள் மேடம், நீங்கள் சிங்கிள், தனி ரூம், தனிக் கணக்கு.

இரண்டாவது கடை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில். அங்கே இருந்தவர் அவளைப் பார்த்ததும் பாட்டிம்மா என்று ஆரம்பித்து, பார்க்கில் சக்கர நாற்காலி தருவார்கள், கவலைப்படாதீர்கள் என்றார். பெரியம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. தலை மட்டும் அவசரப்பட்டு நரைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பாத்ரூம் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். நானும் தம்பியும் வெளியே நின்று பாட்டிம்மா, பாட்டிம்மா என்று கதவைத் தட்டினோம். எங்களுக்குக் கேலி செய்ய ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

மூன்றாவது கடைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் எங்களையும் அழைத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மேஜை, ஒரு ஃபேன், இரண்டு செல்போன்களோடு ஒரு ஆள். எத்தனை பேர் என்றார். ஐந்து பேர் என்றாள். பேப்பரில் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மாவின் ஒரு தோளில் தம்பியின் புத்தகப் பை, இன்னொரு தோளில் என்னுடையது, கழுத்தில் இரண்டு வாட்டர் பாட்டில்.

"நீங்க?" என்றார்.

இரண்டு கடையில் பட்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, இந்தத் தடவை முறையைச் சொல்லவில்லை. "நான் இவங்க கூட இருக்கறவ" என்றாள்.

"புரிஞ்சுது" என்று எழுதிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதுதான் அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு ஏசிக் கடைதான் இஷ்டம். பெரியம்மா விடவில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவை நேராகப் பார்த்தே சொன்னாள்: "அந்த ஆளு மரியாதை தெரிஞ்சவரு. நோண்டி நோண்டிக் கேக்கலை. அவர்கிட்டதான் போடணும்." அம்மா வாயைப் பிளந்தாள். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். எதிர்பாராத இடத்திலிருந்து சத்தம் வந்தால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் அந்த ஆளிடமிருந்து அப்பாவுக்கு ஃபோன் வந்தது. நான் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். "ம். அப்படியே இருக்கட்டும். அதுல குறையும்னா அப்படியே போட்டுடுங்க" என்றார். ஃபோனை வைத்துவிட்டு அம்மாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். அம்மா, "அக்காவுக்கா தெரியப்போகுது" என்றாள்.

தெரியாத அக்கா பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். டிராவல்ஸ்காரர் கொடுத்த விளம்பரத் தாளில் ஒரு படகின் படம் இருந்தது. செயற்கை மலை மேல் ஏறி, உச்சியிலிருந்து தண்ணீருக்குள் தடாலென்று விழுகிற படகு. ஒரு படகுக்கு ஐந்து சீட். தலைகளை விரல் வைத்து எண்ணி எங்களிடம் காட்டினாள். நடுவில் நான், இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன் என்று இடம் பிரித்தாள். தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில், காலை விட்டுக் கழன்று போகிற செருப்புக்கு அனுமதியில்லை என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கினாள். தலை சுற்றுமோ என்ற பயத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இருக்கிற விளையாட்டுத் திடலில் ஊஞ்சலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பழகினாள். என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவளைத் தெரியாதது போல இருபது அடி முன்னால் நடந்தேன். எனக்கும் ஒத்திகை அன்றே தொடங்கிவிட்டது.

பார்க் வாசலில் கையில் கட்டப் பட்டை கொடுத்தார்கள். நாலு மஞ்சள், ஒரு சாம்பல். அப்பா முன்னால் போய் ஐந்தையும் வாங்கி, சாம்பலை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைப் பெரியம்மா கையில் கட்டினாள். தனக்கு மட்டும் ஏன் வேறு நிறம் என்று பெரியம்மா கேட்டாள். எல்லாம் ஒன்றுதான், உள்ளே விடுவார்கள் என்று அப்பா அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். அம்மா கைப்பையில் கூலிங் கிளாஸைத் தேடினாள். அது அவள் தலை மேலேயே இருந்தது.

நேராகப் படகுக்குப் போனோம். வெயிலில் முக்கால் மணி நேர வரிசை. பெரியம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை வேர்த்திருந்தது. அப்பாவும் அம்மாவும் தம்பியும் மஞ்சள் பட்டையைக் காட்டிக் கம்பியைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் முறை வந்தது. விசில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் பெரியம்மாவின் கையைப் பார்த்துவிட்டுத் தடுத்தாள். சாம்பல் பட்டை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாக்களுக்கான டிக்கெட், அதற்கு ரைடு கிடையாது, ஆயாக்கள் அந்தப் பெஞ்சில் உட்காரலாம், பைகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"நான் ஆயா இல்லம்மா. இவளோட பெரியம்மா" என்றாள் பெரியம்மா.

அந்தப் பெண்ணுக்கு இது தினமும் நடக்கிற வம்பு போலிருக்கிறது. அவள் பெரியம்மாவிடம் பேசவில்லை, என்னிடம் குனிந்தாள். "நீ சொல்லு பாப்பா. சொந்தக்காரங்கன்னா, நீயும் கூடப் போயி வாசல்ல பட்டைய மாத்திட்டு வந்து திரும்ப வரிசையில நிக்கணும். இவங்க உங்க வீட்டு ஆயாதானே?"

பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அப்பா படகில் உட்கார்ந்தபடி சீக்கிரம் வா என்று கையை ஆட்டினார். நடந்தது எதையும் கேட்காதவர் போல ஆட்டினார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான். இல்லை என்று சொன்னால் போதும், இன்னொரு முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆமா" என்றேன். "ஆயாதான்."

பெரியம்மா என் கையை விட்டாள். என் தோளிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டாள். "பை நனைஞ்சிடும். போ" என்றாள்.

ஐந்தாவது சீட்டில் வரிசையிலிருந்து தனியாக வந்த ஒரு பருமனான ஆளை உட்கார வைத்தார்கள். உச்சியிலிருந்து விழும்போது தானாக ஒரு ஃபோட்டோ எடுப்பார்கள். அதில் அப்பா, அம்மா, தம்பி, நான், எங்கள் எல்லோரையும் விடப் பெரிதாக வாயைத் திறந்தபடி அந்த ஆள். அதை வாங்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினோம். வருகிறவர்கள் இது யார் என்று கேட்டால், அவரும் நம் குடும்பத்தில் ஒருத்தர்தான் என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இறங்கி வந்தபோது பெரியம்மா பெஞ்சில் ஐந்து பைகளுக்கு நடுவில், வார் வைத்த செருப்புக் காலை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். "நல்லதாப் போச்சுக்கா, உனக்குத் தலை சுத்தியிருக்கும்" என்றாள் அம்மா. பெரியம்மா துண்டை எடுத்துத் தம்பியின் தலையைத் துவட்டினாள். அந்த இரண்டு நாளும், ரயிலிலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தொலைத்திருப்போம். அவள் எங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு அப்பா ஆயா தேடி மூன்று இடத்தில் விசாரித்ததும், ஒருத்தியும் ஒரு மாசத்துக்கு மேல் நிற்காததும் தனிக் கதை.

ஊர் திரும்பி மூன்று வாரம் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, நாலரைக்கு ஒரு ஃபோன் வரும், நீயே எடு என்றாள் பெரியம்மா. வந்தது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ். பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டார்கள். வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். பரவாயில்லை, ஒரு விவரம்தான் என்றது அந்தப் பெண் குரல். "ஒரு அம்மா உங்க வீட்ல பதிமூணு வருஷம் ஆயாவா இருந்தேன்னு சொல்லி இந்த நம்பரைக் குடுத்திருக்காங்க. உண்மையா?"

பெரியம்மா சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். வரிசையில் பார்த்த அதே பார்வை. அன்றைக்கு அவளுக்கு என்னிடமிருந்து ஒரு இல்லை வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு ஆமாம் வேண்டியிருந்தது. இல்லை, எங்கள் பெரியம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவளுக்கு வேலை போய்விடும். அந்த வார்த்தைக்கு நேரம் தப்பிவிட்டது.

"ஆமா" என்றேன்.

பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அடிப்பார்களா என்றாள். ஒரு தடவைகூட இல்லை என்றேன். அப்புறம் ஏன் நிறுத்துகிறீர்கள் என்றாள். சமையலறைப் பக்கம் திரும்பினேன். பெரியம்மா வாசலில் இருந்தே மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்: "பிள்ளைங்க வளந்துட்டாங்கன்னு சொல்லு."

சொன்னேன்.

"அப்போ நாங்க எடுத்துக்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

பெரியம்மா தலையை ஆட்டினாள்.

"எடுத்துக்கோங்க" என்றேன்.