மூன்றாம் நாள் பார்த்த குதிரைக்குட்டி

நோயாளி பேசாவிட்டால் என்ன, படம் பேசும் என்று சொல்லித்தான் எங்களை இந்த மிருக ஸ்கேன் தொழிலுக்குள் இழுத்துவிடுவார்கள். படமும் வாய் திறக்காது என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே பிழைப்பவர்களே, நீங்கள் எக்ஸ்ரே எடுப்பவராக இருந்தாலும் சரி, வேன் திருத்துபவராக இருந்தாலும் சரி, என் பாடு உங்களுக்கு விளங்கும். கட்டுகஸ்தோட்டையில் எனக்குச் சின்னதொரு கிளினிக். வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். குதிரை என்று ஒன்று வந்தது இந்த வருடம்தான்.

ஃபெக்டரிச் சத்தம்

ரிஸ்வான் ஹாஜியாருக்கு எங்கள் கிளினிக்குக்கு எதிரே ஹார்ட்வெயார் கடை. ஹுன்னஸ்கிரியவில் சுற்றுலாக்காரர் தங்க ஒரு பங்களாவும் வைத்திருக்கிறார். அங்கே சவாரிக்கு நின்ற குதிரை குட்டி போட்டு மூன்று நாள். குட்டி பாலைக் குடித்ததும் படுத்துவிடுகிறது, வந்து பாருங்கள் என்றார். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கையில் தூக்கிப் போகிற ஸ்கேன் மெஷினை வேனில் போட்டு, ஹாஜியாரையும் ஏற்றிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டேன்.

அங்கே குதிரைகளைக் கவனிப்பவர் பாக்கியம் அக்கா. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். குட்டியிடம் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று கேட்டேன். "நெஞ்சுல காது வச்சிப் பாருங்க டொக்டரம்மா. விட்டு விட்டு அடிக்கல. கொழுந்து அரைக்கிற ஃபெக்டரி மாதிரி நிக்காம ஓடுது."

தாயை வெளியே அனுப்பிய கதை

லாயம் சின்னது. தாய்க்குதிரை என் தோளை முகர்ந்துகொண்டே நின்றது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கேட்கவில்லை. தாய் வெளியே போனதுதான் தாமதம், அங்கே அது கத்த, இங்கே குட்டி துள்ள, ஜெல் போத்தல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரையில் இதயம் இருந்த இடத்தில் வெறும் புகைதான் தெரிந்தது.

அக்கா தாயைத் திரும்பக் கொண்டுவந்து, அதன் மூக்கு குட்டியின் முதுகில் படும்படி நிறுத்தினார். குட்டி அடங்கிவிட்டது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. அக்கா சொன்னார்: "தாய் பக்கத்துல இல்லாம எந்தக் குட்டிங்க ஸ்கேனுக்கு நிக்கும்? நம்ம புள்ளைங்களே நிக்காதே."

சிவப்பும் நீலமும்

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டியின் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்த பிறகு அது மூடிவிட வேண்டும். மூடாமல் நின்றால் அது பிறவிக் கோளாறு. இரத்தம் ஓடும் திசையை இந்த மெஷின் சிவப்பும் நீலமுமாகக் காட்டும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே நிறம் பளிச்சென்று பாய்வதைப் பார்த்தேன். நாய்க்குட்டிகளில் எத்தனையோ முறை பார்த்த அதே படம்.

ஹாஜியார் வாசலில் நின்று என்னவாம் என்று கேட்டார், நான் உடனே சொன்னேன். குழாய் மூடவில்லை, இதயம் வீங்கும், அதிக காலம் இருக்காது. இன்னொரு தரம் ஸ்கேன் பண்ணிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "வாயில்லாத ஜீவன் டொக்டர், மூச்சு முட்டி மவுத்தாகிறத என்னால பாக்கேலா. சனிக்கெழம ஊசியோட வாங்க, நோகாம போகட்டும்."

யாழ்ப்பாணத்துக் கேள்வி

மறுநாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பூனைக்கு இரண்டு தடவை காய்ச்சல் பார்த்தேன். கடைசியில் எனக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேருக்கு ஃபோன் எடுத்து, படத்தையும் அனுப்பினேன். அவர் படத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனையாம் நாள் பார்த்தனீர் என்றுதான் கேட்டார். மூன்றாம் நாள் என்றேன். குதிரைக்குட்டிக்கு அந்தக் குழாய் மூட இன்னும் சில நாள் பிடிக்கும் என்றார். அப்படியென்றால் நான் அவசரப்பட்டுவிட்டேனா சேர் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஓம், நீர் அண்டைக்குப் பாத்தது நாயைத்தான் பிள்ளை, குதிரையை இல்லை."

உடனே ஹாஜியாரிடம் ஓடி, ஊசி வேண்டாம், சனிக்கிழமை இன்னொரு தரம் பார்ப்போம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாக்கியம் அக்காவுக்கு நானே சொல்ல நினைத்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஃபோன் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை.

காலி லாயம்

சனிக்கிழமை ஹாஜியாரும் நானும் போய் இறங்கினால் லாயம் காலி. தாயும் இல்லை, குட்டியும் இல்லை. யாரோ முந்திக்கொண்டு ஊசி போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அங்கேயே குந்திவிட்டேன். என் அவசரம் ஒரு உயிரை முடித்துவிட்டதே என்று அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் தேயிலைக்கு நடுவிலிருந்து பாக்கியம் அக்கா மட்டும் வந்தார். குட்டியை ஒளித்து வைத்ததே அவர்தான், அதுவும் என்னிடமிருந்து. ஹாஜியார் எவ்வளவு சொல்லியும் அவர் இடத்தைக் காட்டவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "பேக்கத் தொறந்து காட்டுங்க டொக்டரம்மா, ஊசி இல்லன்னாத்தான் குட்டி வரும்."

எட்டாம் நாள்

பையைக் கொட்டிக் காட்டினேன். குட்டி வந்தது. தாயின் மூக்கு குட்டியின் முதுகில் இருக்க, இந்தத் தடவை மூன்று பக்கமிருந்தும் பார்த்தேன். அன்றைக்குப் பாய்ந்த நிறம் இல்லை. ஆனால் நூல் மாதிரி ஒரு சிவப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டு வருகிறதா, இப்படியே நின்றுவிடுமா? ஒரு நல்ல சொல் சொல்லிவிட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். "தெரியாது ஹாஜியார். இருபது நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் ஓடவிடாமல் வைத்திருங்கள்."

அக்கா அதற்குள் குட்டியின் நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். ஹாஜியார் குட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்டைக்கு எல்லாம் தெரியும் எண்டு செல்லி என்னையே ஊசி கேக்க வெச்சீங்க. இன்டைக்குத் தெரியாது எண்டு செல்றீங்க பாருங்க, இதத்தான் நான் நம்புற."

தெரியாது என்று சொல்லிவிட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, அந்த ஸ்கேனுக்கு இன்னும் பதினெட்டு நாள் கிடக்க நான் இன்றைக்கே மெஷினுக்குச் சார்ஜ் போட்டுவிட்டேன்.