மடங்காத கால்

தேயிலைக் கொழுந்து எடுக்கும் சரிவில் வழுக்கி விழுந்த பிறகு என் இடது முழங்கால் மடங்குவதில்லை. தோட்டத்து லயன் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் துக்கம் கேட்க வந்தது போல உச் கொட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனது முழங்கால்தான், நான் போகவில்லையே!

ஏரியில் தூண்டில் போடுவதுதான் எனக்கு இருந்த ஒரே சுகம். இந்தக் காலோடு கரைச் சரிவில் இறங்கி நிற்க முடியாது. சரி, படகில் போகிறேன் என்று முடிவு செய்தேன். பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் உரம் கரைக்கும் தொட்டியாகக் கிடந்த சின்ன அலுமினியப் படகை வாங்கினேன். காய்கறி லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர்தான் ஏற்றி வந்தார், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு.

"கால மடக்க முடியல, ஒனக்குப் படகு ஒரு கேடா?"

பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். நீட்டிய கால் நடு இருக்கையில் முட்டியது. ரம்பத்தை எடுத்து அந்த இருக்கையை அறுத்து எறிந்தேன். அப்போது எனக்கு இருந்த வேகத்தில் யார் தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அறுத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, படகைச் செங்கல் மேல் வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பினேன். நிரம்ப நிரம்ப இரண்டு பக்கமும் வயிறு தள்ளியது போல விரிந்தன. தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகள் இளகித் தண்ணீர் பீய்ச்சியது. இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருந்ததே அந்த நடு இருக்கைதான். உரத் தொட்டியாக இருந்தவரை ஒழுகாத படகு என் கையில் ஒழுகியது.

எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "குளிக்கப் போறியா லா?"

அந்த இருக்கைக்குப் பதிலாக, கால் இடிக்காதபடி, படகின் தரையோடு ஒட்டி வளையும் கனமான அலுமினியப் பட்டை ஒன்றை இரண்டு பக்கமும் ஏற்றி அடிக்க நினைத்தேன். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவர் ஆணிமேல் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் கட்டை என் கையைவிட்டுத் துள்ளியது.

"போதும் விடு. பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்துடலாம்."

"நீங்க சுத்தியல கீழ வைக்காதீங்க."

படகுக்குள் குறுக்கே உட்கார்ந்தேன். முதுகை ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து, இடது காலை மறுபக்கம் நீட்டி, இரும்புக் கட்டையை ரப்பர் பூட்ஸால் அழுத்தினேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. அவர் பயந்து பயந்து தட்டினார்.

"ஓங்கி அடிங்க லா!"

"வலிக்கும்டி."

"வலிக்கட்டும். மடங்காது."

அடித்தார். கட்டை அசையவில்லை. கடைசி ஆணிவரை அப்படியே அடித்தோம். மறுபடி தண்ணீர் நிரப்பியபோது, கீழே செங்கல் காய்ந்தே கிடந்தது.

ஏரியில் இறக்கிய அன்று வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து, ஈரம் இருக்கிறதா என்று படகின் தரையைத் தடவிக்கொண்டே வந்தார். நான் பின்னால் காலை நேராக நீட்டிக்கொண்டேன். கரையிலிருந்து ஒருவர், "பாவம், அந்தம்மாவுக்குக் கால் வெளங்கல" என்றது தெளிவாகக் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"அந்தக் கால முட்டுக் குடுத்துத்தான்யா இந்தப் படகையே அடிச்சோம்!"

படகு ஆடியது. "உட்காருங்க, மீன் ஓடிரும்" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை வீசினேன்.